உஷார்! காரில் லேப்டாப்பைச் செருகவிடும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் கார் இப்போது ஷெட்டில் நிற்கிறதா? ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கேபிள் தொங்குகிறதா? அதன் மறுமுனையில் ஒரு பழைய லேப்டாப்பா? "சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகல சார், அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் தம்பி நெட்டில் எதையோ டவுன்லோடு செய்துகொண்டிருக்கிறாரா?

போன் போடுங்கள். நிறுத்தச் சொல்லுங்கள்.

அவர் கோபித்துக்கொள்ளலாம். பரவாயில்லை. அந்த அஞ்சு நிமிஷத்தில் போகக்கூடியது உங்கள் காரின் ஈசிஎம். எந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு டீசல் என்று முடிவெடுக்கிற பெட்டி அது. அது போனால் கார் ஸ்டார்ட் ஆகாது. பல வண்டிகளில் உங்கள் சாவியைக்கூட வண்டிக்கு அடையாளம் தெரியாது. டோ செய்துதான் இழுத்துப் போக வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட், பாடி, திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி, நசரத்பேட்டை. இந்தப் பக்கத்து ஆட்களின் கைவேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆவடியில் பீரங்கி வண்டியே செய்கிறார்கள். பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரேக்கும் செய்கிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. சி.டி.எச். ரோட்டில் வருஷக்கணக்காக ஷெட் போட்டிருப்பவர் என்ஜின் சத்தத்தைக் கேட்டே டேப்பெட் லூஸ் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கைகளில் கிராக் செய்த சாஃப்ட்வேரும் டூப்ளிகேட் ஸ்கேனரும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எனக்குப் பயமே அதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்த ஷெட் என்பதும் வேண்டாம். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள்.

ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர். லோனில் எடுத்த டீசல் வண்டி. பிக்கப் இல்லை, கரும்புகை, செக் என்ஜின் லைட் எரிகிறது. ஆவடிப் பக்கம் ஒரு ஷெட்டில் விட்டார். அங்கே ஐ.டி.ஐ. முடித்த ஒரு பிள்ளை. கெட்டிக்காரன். ஒரு இன்ஜெக்டர் போய்விட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தான். மாற்றியும் விட்டான்.

ஆனால் இப்போதைய டீசல் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டரை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. அதன் தலையில் அச்சிட்டிருக்கும் கோடை ஈசிஎம்முக்குள் எழுத வேண்டும். அதற்கு ஸ்கேனர் வேண்டும். ஷெட்டில் இருந்தது ஆன்லைனில் மலிவாக வாங்கிய டூப்ளிகேட். கூடவே ஒரு கிராக் சாஃப்ட்வேர். அன்றைக்கு அது கனெக்ட் ஆகவில்லை.

சாவியை ஆனில் வைத்தபடியே கேபிளைக் கழற்றி மாட்டினான். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தான். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். ஒரு வீடியோ பார்த்தான். வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று போட்டிருந்தது. செய்தான்.

கனெக்ட் ஆகிவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்காதது ஒன்று: சாவி ஆன் ஆகி ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பேட்டரி இறங்கிப்போயிருந்தது. கோடு எழுதப் போகும்போது, ஈசிஎம்முக்குப் புது வெர்ஷன் இருக்கிறது, ஏற்றவா என்று திரையில் ஒரு கேள்வி. சரி என்று தட்டினான்.

பாதியில் நின்றது.

அதற்கப்புறம் எந்த ஸ்கேனரைச் செருகினாலும் அந்த வண்டி பேசவில்லை. ஈசிஎம் போய்விட்டது, புதிது போட வேண்டும், சாவியையும் அதனுடன் சேர்த்துப் புரோகிராம் செய்ய வேண்டும் என்று கம்பெனி சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். வண்டி வாரக்கணக்கில் நின்றது. லோன் தவணை நிற்குமா? இன்ஜெக்டர் மாற்ற வந்தவர் இன்ஜெக்டரைப் போலப் பல மடங்கு பணம் கட்டினார்.

அதோடு விட்டதா? அதே லேப்டாப்பில்தான் ஷெட் ஓனர் பில் போடுவார், ஜி.எஸ்.டி. கணக்கு வைத்திருப்பார். சில நாளில் அத்தனை ஃபைலும் பூட்டிக்கொண்டன. பணம் அனுப்பினால் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல். அந்த லிங்க் வழியாக உள்ளே வந்தது ஸ்கேனர் டிரைவர் மட்டும் இல்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஸ்கேனர் செய்வது இரண்டு வேலை. ஒன்று படிப்பது. இன்னொன்று எழுதுவது. ஈசிஎம் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் கோடைப் படிப்பது, சென்சார் அளவுகளைப் பார்ப்பது எல்லாம் படிக்கிற வேலை. மலிவான கருவி இதில் தப்பாகப் படிக்கலாம், ஆனால் பொதுவாக வண்டியைக் கொல்லாது. இன்ஜெக்டர் கோடு ஏற்றுவது, புதுச் சாவி சேர்ப்பது, ஈசிஎம் சாஃப்ட்வேரை மாற்றுவது, மீட்டரில் கை வைப்பது எல்லாம் எழுதுகிற வேலை. எழுதும்போது பாதியில் நின்றால் திரும்பி வர வழி இல்லாமல் போகலாம். "ஸ்கேன் பண்றேன் சார்" என்று சொன்னால், "படிக்கிறீங்களா, எழுதுறீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எழுதத்தான் வேண்டும் என்றால் முதல் கேள்வி வோல்டேஜ். நல்ல பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். சாவியை ஆனில் வைத்துவிட்டால் ஃபேன், லைட், பம்ப் என்று ஒவ்வொன்றாக அதைத் தின்னும். ஈசிஎம்மில் எழுதும் நேரம் முழுக்க வோல்டேஜ் ஆடாமல் நிலையாக இருக்க வேண்டும். அதற்கென்றே பவர் சப்ளை இருக்கிறது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக்கொண்டு எழுதுவது கூடாது. கூடவே கூடாது. லேப்டாப்பும் சார்ஜரில் இருக்க வேண்டும், அப்டேட் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கனெக்ட் ஆகல" என்று வந்தால் சாஃப்ட்வேர்மேல் பழி போட்டுவிட்டு டவுன்லோடு தேடப் போவதுதான் முதல் தப்பு. பல நேரம் கோளாறு வண்டியிலேயே இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் கேபிளைச் செருகும் சாக்கெட்டில் 16 துளைகள். 16-வது துளையில் பேட்டரி கரண்ட் வர வேண்டும். 4-வதும் 5-வதும் எர்த். மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. கரண்ட் வரவில்லையா? பல கார்களில் சாக்கெட்டும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃபியூஸில் இருக்கும். சார்ஜர் மாட்டி அந்த ஃபியூஸ் போயிருக்கலாம். ஒரு சின்ன ஃபியூஸ்! அதற்காக வைரஸை உள்ளே அழைப்பதா?

கரண்ட் இருந்தும் பேசவில்லை என்றால் 6-வது, 14-வது துளைகளைப் பாருங்கள். ஈசிஎம் போன்ற பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் பெரும்பாலான வண்டிகளில் இங்கேதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் லைன் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் ஷார்ட். சில மாடல்களில் இந்த அளவு வேறுபடும். அந்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பட்டரவாக்கத்திலும் கொரட்டூரிலும் தண்ணீர் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. சீட் வரை நனைந்த கார்களைக் காயவைத்து ஓட்டினார்கள். வெளியே காய்ந்துவிட்டது. கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் பாயின்ட்டில் பச்சை பூத்துக்கொண்டே இருந்தது. கனெக்டரின் பின்கள் மெல்ல அரித்துப்போயின. மாதங்கள் கழித்து, வருஷம் கழித்துக்கூட அது வெளியே வரும். யூ என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் வந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம். யூ 0100 என்றால் ஈசிஎம்முடனேயே தொடர்பு அறுந்திருக்கிறது. உடனே ஈசிஎம்மை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டி என்றால் முதலில் எர்த்தையும் கனெக்டரையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரிமோட் லாக், ஜி.பி.எஸ். என்று வெளியே போட்ட வயரிங் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதற்காக வெட்டி ஒட்டிய இடத்தில்தான் பாதிக் கோளாறு ஒளிந்திருக்கும்.

வண்டியில் எல்லாம் சரி, லேப்டாப்தான் கேபிளைப் பார்க்க மாட்டேன் என்கிறதா? நேற்று வேலை செய்தது, இன்றைக்கு விண்டோஸ் அப்டேட் ஆனதும் படுத்துவிட்டதா? அப்படியானால் கேபிளுக்குள் இருக்கும் சிப் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2014 அக்டோபரில் இது உலகம் முழுக்க நடந்தது. எஃப்.டி.டி.ஐ. என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, அந்தப் பெயரில் விற்ற போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்துவிட்டது. கேபிள்கள் செத்துப்போயின. கூச்சல் கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்தின் புது டிரைவர்களும் போலிச் சிப்பைக் கண்டால் வேலை செய்யாது. 'கோட் 10' என்று பிழை காட்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பழைய டிரைவரைத் தேடி முன்பின் தெரியாத தளங்களுக்குப் போகிறார்கள். போகிற வழியிலேயே பறிகொடுக்கிறார்கள்.

ஆன்லைனில் விற்கும் சின்ன நீலப் பெட்டி ஒன்று உண்டு. போனில் புளூடூத்தில் சேரும். ஈ.எல்.எம். 327 என்று மேலே அச்சிட்டிருக்கும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சிப். அதன் முதல் வெர்ஷனைக் காப்பியடிக்காமல் தடுக்கப் பூட்டு வைக்கவில்லை. காப்பியடித்தார்கள். சந்தையை நிறைத்தார்கள். அசல் நிறுவனம் 2022-லேயே மூடிவிட்டது. இன்றைக்கு மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை காப்பி. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 2.1 என்று போட்டு விற்பவை பலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்வதில்லை. என்ஜின் கோடு படிக்க உதவும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் பக்கம் அதை நம்பிப் போகாதீர்கள். அது ஒன்றும் இல்லை என்று சொல்வதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. ஏ.பி.எஸ்., ஏர்பேக் பெட்டிகளுடன் பேசவே அதற்குத் தெரியாமல் இருக்கலாம்.

வண்டி 2013 ஏப்ரலுக்கு முன் வந்ததா? அப்படியானால் இன்னும் ஜாக்கிரதை. அந்த ஆண்டிலிருந்துதான் நம் நாட்டில் கார்களுக்கு இரண்டாம் கட்ட ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை, கட்டாயம் ஆனது. பழைய வண்டியில் பொதுவான ஸ்கேனர் பேசாமல் இருப்பது கோளாறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது, எனக்கு ரொம்பவே வயிற்றைக் கலக்கும் விஷயம். கோடு அழிப்பது.

"லைட் எரிஞ்சது, அழிச்சு விட்டுட்டேன்" என்பார்கள். ஜுரம் வந்த பிள்ளையின் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு ஜுரம் போய்விட்டது என்று சொல்வதைப் போன்றது இது. அழிக்கும்போது, கோளாறு வந்த நொடியில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஈசிஎம் எடுத்து வைத்த குறிப்பும் சேர்ந்து அழிகிறது. அடுத்த மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல ஆகிறது. ஏ.பி.எஸ். லைட்டையோ ஏர்பேக் லைட்டையோ காரணம் பார்க்காமல் அழித்துவிட்டு பைபாஸில் குடும்பத்தோடு கிளம்பினால்? மழையில் பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன லாபம்?

முதலில் கோடை எழுதி வாங்குங்கள். பிறகு அழிக்கட்டும். திரையைப் போனில் படம் எடுத்தாலும் போதும். கோடு என்பது இடத்தைக் காட்டும், பாகத்தைச் சொல்லாது. பி 0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்று பொருள். விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் போதும் அதற்கு. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லிப் பணம் வாங்கிய கதைகளை நான் நிறையக் கேட்டுவிட்டேன். பி 0420 வந்ததுமே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு என்று பயமுறுத்துவார்கள். சைலன்சரில் கசிவு இருந்தாலும், சென்சார் தளர்ந்திருந்தாலும் அதே கோடு வரும். அந்தப் பாகம் எவ்வளவு விலை என்று கேட்டுப் பாருங்கள், தூக்கம் வராது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களே, பூந்தமல்லி ரோட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சாவியை ஆனில் மட்டும் வையுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். செக் என்ஜின் லைட் எரிய வேண்டும். ஏர்பேக் லைட்டும் ஏ.பி.எஸ். லைட்டும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள். கோளாறை மறைக்க விளக்கையே எடுத்திருக்கலாம். அடுத்து ஸ்கேனரில் 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு அளவு இருக்கும். பல வண்டிகளில் பார்க்கலாம். அது 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று காட்டினால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே காலையில் அழித்திருக்கலாம். 'ரெடினெஸ்' என்ற பகுதியில் ஈசிஎம் தானே செய்யும் சோதனைகள் எல்லாமே முடியவில்லை என்று இருந்தாலும் அதே சந்தேகம்தான். கிலோமீட்டரை லேப்டாப் வைத்துக் குறைப்பதும் நடக்கிறது. மீட்டர் 40,000 காட்டி, பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். தரவில்லையா, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஷெட்டில் எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்? ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல சாஃப்ட்வேருக்கு அப்படி ஒரு நிபந்தனை தேவைப்படாது. "நெட்ல கனெக்ட் பண்ணிடாதீங்க, லாக் ஆயிடும்" என்று சொல்கிறார்களா? அது கிராக், சந்தேகமே வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைலாக வரும் ஸ்கேனர் ஆப்பைத் தொடாதீர்கள். போக்குவரத்து அபராதம் என்று சொல்லி இதே மாதிரி ஏ.பி.கே. அனுப்பித்தான் நிறையப் பேரின் போனுக்குள் நுழைந்தார்கள். காரின் கோடு படிக்கும் ஆப்புக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? கான்டாக்ட் எதற்கு? ஓ.டி.பி. வருவது அந்த எஸ்.எம்.எஸ்.ஸில்தானே!

ஷெட் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன், என் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத்தான் சொல்கிறேன். ஸ்கேனருக்கு ஒரு லேப்டாப், கணக்குக்கு வேறொன்று. ஸ்கேனர் லேப்டாப்பில் பேங்க் திறக்காதீர்கள், மெயில் திறக்காதீர்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு இலவச ஆதரவு முடிந்தது. அவை ஓடும் லேப்டாப்பில் கதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற வேலை வந்தால் உரிமம் உள்ள கருவி வைத்திருக்கும் ஷெட்டுக்கோ கம்பெனி சர்வீஸுக்கோ அனுப்பிவிடுங்கள். ஒரு வேலையை விட்டுக்கொடுத்தால் ஒரு நாள் கூலி போகும். ஒரு ஈசிஎம்மைக் கொன்றால் பல மாத வருமானம் போகும். வாடிக்கையாளரும் போவார்.

ஏதாவது நடந்துவிட்டதா? எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால் சாவியை ஆஃப் செய்யாதீர்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். சில நேரம் அதே நிலையில் மறுபடி முயன்றால் மீட்க முடியும். வோல்டேஜை மட்டும் நிலைநிறுத்திவிட்டு, தெரிந்தவரை அழையுங்கள். ஈசிஎம் போச்சு என்று சொன்னால் அந்தப் பழைய பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெஞ்சில் வைத்து மீட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லேப்டாப்போ போனோ மாட்டிக்கொண்டு பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் கீழ் வந்துவிட்டன. சைபர் கிரைம் பிரிவு அங்கேயே இருக்கிறது, புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. இதை இன்றைக்கே செய்யுங்கள். வாங்கி மாட்டிய நீலப் பெட்டி காரிலேயே செருகிக் கிடக்கிறதா? அது வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும். ரெண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதன் புளூடூத் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234, இல்லை என்றால் 0000. யார் வேண்டுமானாலும் பார்க்கிங்கில் நின்றபடி சேர்ந்துகொள்ளலாம். 2015-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஷூரன்ஸுக்காக இதே சாக்கெட்டில் மாட்டும் ஒரு கருவிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே ஒரு காரின் வைப்பரை ஓடவிட்டார்கள், பிரேக்கையும் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். உங்கள் வண்டியில் இருப்பது வேறு கருவிதான். ஆனாலும் சாக்கெட் அதே சாக்கெட். வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றி டேஷ்போர்டு அறைக்குள் போட்டுவிடுங்கள். வண்டியைப் பிள்ளைகள் எடுத்துப் போகிறார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.